ஊட்டியில் ஒரு நாள் பறவை நோக்கல்: சோலை, புல்வெளி, பைக்காரா

ஊட்டிக்கு வருகிறவர்களைப் பறவை பார்க்க அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளில் சிலர், ஒரே நாளில் எத்தனை இனங்களைக் காட்டுவோம் என்ற எண்ணிக்கையை முன்வைத்தே பேசுவார்கள். சென்ற ஜனவரியில் நாங்கள் அமர்த்திக்கொண்டவர் அப்படிப் பேசவில்லை. முன்பதிவுக்காக அழைத்தபோதே, உயர்மலைப் புல்வெளியில் வாழும் சிறு பறவையான நீலகிரி நெட்டைக்காலியைப் பற்றி, "நீலகிரி நெட்டைக்காலியைக் கட்டாயம் காட்டுறேன்னு வாக்குக் கொடுக்க முடியாதுங்க. முக்குர்த்தி தேசியப் பூங்காப் பக்கம் போனாத்தான் அது நல்லாத் தெரியும், அங்கே போக வனத்துறை அனுமதி வேணும்" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு பதிலைக் கேட்டே அவரோடு போவதென்று முடிவு செய்தோம். தனி ஆளாக இந்தச் சேவையை நடத்தும் உள்ளூர்க்காரர் அவர். பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரின்றியே எழுதுகிறேன். கட்டணம், ஊட்டியில் ஒரு நாளைக்கு டாக்ஸி பிடிப்பதைக் காட்டிலும் சற்றுக் கூடுதல். வண்டிச் செலவு தனி. கேட்டால் எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 8x42 பைனாகுலரை வாடகையில்லாமல் தருகிறார்.

அவர் ஒரு நாளைப் பிரித்து வகுத்திருக்கும் முறைதான் இந்தச் சேவையின் பெரிய பலம். விடியலில் தொட்டபெட்டாச் சாலையோரச் சோலை (இந்த மலைகளில் குட்டை மரங்கள் அடர்ந்த காட்டை இப்படித்தான் அழைக்கிறார்கள்), வெயில் ஏறிய பிறகு வென்லாக் டவுன்ஸ் புல்வெளி, பிற்பகலில் பைக்காரா நீர்த்தேக்கம். ஊட்டிக்குக் கிழக்கே தொடங்கி, ஊரைக் கடந்து, மேற்கே கூடலூர்ச் சாலையில் முடிகிற இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. சோலைப் பறவைகள் இருள் பிரியும் நேரத்தில்தான் குரல் கொடுத்துக்கொண்டு வெளியே வருகின்றன. பருந்துகளோ தரை சூடேறிக் காற்று மேலெழும் வரை வானத்துக்கு வருவதில்லை.

தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம். சிகரத்துக்குச் செல்லும் வண்டிகள் வரத் தொடங்குவதற்கு முன்பே எங்களைச் சாலையின் ஒரு வளைவில் இறக்கி, அங்கேயே நிற்க வைத்தார். புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. கையுறை இல்லாமல் போகிறவர்களுக்குப் பைனாகுலரைப் பிடிப்பதே பெரும்பாடாகிவிடும். பாசியும் ஆர்க்கிட் செடிகளும் அப்பிய குட்டை மரங்களுக்குள்ளிருந்து முதலில் வந்தது நீலகிரி சிரிப்பானின் குரல். ஒன்று தொடங்கினால் கூட்டமே சேர்ந்துகொள்கிறது. வெள்ளைப் புருவமும் செம்பழுப்பு வயிறும் கொண்ட இந்தப் பறவை, நீலகிரியையும் அதை ஒட்டிய உயர்மலைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே, பழனி மலையில் வாழ்வது இதற்கு நெருங்கிய வேறொரு இனம். குளிரிலும் ஈரத்திலும் மட்டுமே வாழப் பழகிய பறவைகளுக்கு அந்தத் தாழ்ந்த, வெப்பமான கணவாய் கடக்க முடியாத தடையாகிவிட்டதால், இரு கரையிலும் தனித்தனி இனங்கள் உருவாயின. இதை வழிகாட்டி சொற்பொழிவாக நிகழ்த்தாமல், பறவை கண்முன் இருக்கும்போதே இரண்டு வாக்கியங்களில் சொல்லி முடித்தார்.

அந்த வளைவிலேயே வெகுநேரம் நின்றோம். எங்களோடு வந்திருந்த என் சித்தி ஏதோ அசைவைக் கண்டு கையை நீட்டியபோது, "அம்மா, கையை நீட்டாதீங்க, வாயாலேயே சொல்லுங்க, எந்த மரம், மணி எத்தனை" என்று வழிகாட்டி தணிந்த குரலில் திருத்தினார். மரத்தைக் கடிகார முகப்பாக எண்ணிக்கொண்டு, உச்சி பன்னிரண்டு மணி என்று வைத்துப் பறவை இருக்கும் திசையைச் சொல்வது பறவை நோக்குவோர் வழக்கம்; சித்தி சில நிமிடங்களில் அதைப் பிடித்துக்கொண்டார். அவர் நான்கு மணித் திசையில் கண்டது ஒரு கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான். தலையும் இறக்கையும் கரிக் கருப்பு, மற்ற உடல் முழுதும் எரியும் ஆரஞ்சு. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேல் போகாமல், அழுகிய கிளையொன்றில் வந்து உட்காரும், கீழே இறங்கி ஒரு பூச்சியைக் கவ்வும், திரும்பவும் அதே கிளைக்கே வரும். இப்படி ஒரு சின்ன இடத்தைச் சுற்றியே இருக்கும் பறவை என்பதால், நாம் அசையாமல் நின்றாலே போதும், அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

கைபேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அவர் எந்தப் பறவையையும் அழைக்கவில்லை. இதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். எதிரி நுழைந்துவிட்டதென்று நினைத்துத் தன் எல்லையைக் காக்க ஓடிவரும் பறவை, இரை தேடவும் கூடு காக்கவும் வேண்டிய நேரத்தை அதில் இழக்கிறது. சுற்றுலாப் பயணிகள் தினமும் வந்துபோகும் சாலையோரச் சோலையில் இது நாளுக்குப் பலமுறை நிகழ்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. நீலகிரி நீல ராபினை நாங்கள் பார்க்கவில்லை, புதருக்குள் அதன் குரலைக் கேட்டதோடு சரி. மற்றொரு வழிகாட்டியாக இருந்தால் அதை வெளியே வரவழைத்திருக்கக் கூடும். இவர் அப்படிச் செய்யாததற்காகவே இவரைப் பரிந்துரைக்கிறேன்.

வெயில் மரத்தலைகளைத் தொட்டதும் கலப்புக் கூட்டம் ஒன்று கடந்து போனது. வெள்ளைக்கண்ணிகள் இலை நுனிகளில், சாம்பல் தலை ஈப்பிடிப்பான்கள் நடுக்கிளைகளில், பசை எடுப்பான்கள் அடிமரத்தில் தலைகீழாக என்று, ஒவ்வொன்றும் தனக்கான தளத்தில் மேய்ந்துகொண்டே ஒன்றாக நகர்ந்தன. கூட்டத்தின் கடைசியில் ஓர் ஆண் காஷ்மீர் ஈப்பிடிப்பான் தனியே தெரிந்தது: கருங்கோடு சூழ்ந்த செந்நிறத் தொண்டையும் மார்பும். காஷ்மீர்ப் பகுதி மலைக்காடுகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இந்தியாவின் நீளம் முழுதையும் கடந்து, குளிர்காலத்தைக் கழிக்க மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதிக்கும் இலங்கை மலைகளுக்கும் வரும் பறவை இது.

வென்லாக் டவுன்ஸ் பகுதி பறவைகளைவிட நிலத்தைப் புரிந்துகொள்ள உதவியது. சென்னை மாகாண ஆளுநராக 1891 முதல் 1896 வரை இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் அதற்கு. சினிமாப் படப்பிடிப்புக்குப் பெயர்போன ஒன்பதாவது மைலின் கூட்டத்தைத் தவிர்த்து, தோடர் பழங்குடியினரின் எருமைகள் மேயும் ஒரு சரிவுக்கு வழிகாட்டி அழைத்துப் போனார். புதர்ச்சிட்டுகள், எருமைகளின் காலடியில் உண்ணிக்கொக்குகள், ஓரிடத்தில் நின்றபடியே சிறகடித்துக் கீழே எலியைத் தேடிய ஒரு கருந்தோள் பருந்து ஆகியவை கிடைத்தன. ஒரு நெட்டைக்காலியும் புல்லிலிருந்து எழுந்தது. மார்பில் கோடுகள் அழுத்தமாக இல்லாததைக் காட்டி, இது சமவெளியிலும் காணும் வயல் நெட்டைக்காலிதான் என்று அவரே தெளிவுபடுத்தினார். நீலகிரி நெட்டைக்காலி என்று சொல்லியிருந்தால் எங்களில் ஒருவருக்கும் வேறுபாடு தெரிந்திருக்காது.

இந்தப் புல்வெளி காட்டை அழித்ததால் உண்டானது என்று பலர் இன்றும் நம்புகிறார்கள். அருகிலுள்ள சாண்டிநல்லாப் பள்ளத்தாக்கின் கரிமண் படிவுகளை ஆராய்ந்தவர்கள், பல்லாயிரம் ஆண்டுகளாகவே இங்கே புல் இருந்திருக்கிறது என்று காட்டியிருக்கிறார்கள். அதைத் தரிசு என்று எண்ணிச் சீகையும் (வாட்டில் மரம்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) பைனும் நட்டது ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கிச் சுதந்திரத்துக்குப் பின்னும் தொடர்ந்தது. இப்போது மஞ்சள் பூப்பூக்கும் ஸ்காட்ச் ப்ரூம் புதரும் சரிவுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. மரம் இருந்தால் நல்லதுதானே என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டபோது, வழிகாட்டி காலடியில் இருந்த கரிய மண்ணை ஒரு பிடி எடுத்துப் பிழிந்து காட்டினார். மழை நின்று வாரக்கணக்கான பின்னும் அதில் ஈரம் கசிந்தது. இப்படிப்பட்ட மண்ணில் தேங்கி, சோலைகளின் ஓடைகளில் வடியும் நீர்தான் பைக்காரா ஆறாகிறது. 1932-லேயே அந்த ஆற்றிலிருந்து மின்சாரம் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

பைக்காராவில் எங்களுக்கு ஏமாற்றமே மிஞ்சியது. கரை செங்குத்தாக இறங்கும் ஆழமான மலை நீர்த்தேக்கத்தில், நீர்மட்டமும் ஏறி இறங்கிக்கொண்டிருப்பதால், வாத்துகளும் கொக்குகளும் மேய்வதற்கான ஆழமற்ற ஓரமும் நீர்ச்செடிகளும் குறைவு. வேடந்தாங்கலை மனத்தில் வைத்துக்கொண்டு யாரும் இங்கே வரக்கூடாது. சிறிய நீர்க்காகங்கள், முக்குளிப்பான், கல்லுக்குக் கல் வாலை ஆட்டியபடி நடந்த ஓர் உள்ளான், நீர்ப்பரப்பை உரசிப் பறந்த மலைத் தகைவிலான்கள், இவ்வளவுதான். விசைப்படகுகளின் இரைச்சல் அதிகம் எட்டாத, நீர்த்தேக்கத்தின் ஒரு கிளைப் பகுதிக்கு அழைத்துச் சென்றாலும், பிற்பகல் படகு நேரத்தில் அந்த இரைச்சல் முற்றிலும் விலகவில்லை. இந்தப் பகுதியைப் பாதியாகக் குறைத்து, மிச்ச நேரத்தைப் புல்வெளிக்குக் கொடுப்பது நல்லது. இதை அவரிடமே சொன்னோம். குடும்பத்தோடு வருகிறவர்கள் தண்ணீரைப் பார்க்காமல் போக மறுக்கிறார்கள் என்றார்.

மதிய உணவுக்கு ஏற்பாடு எதுவும் இல்லை, கட்டிக்கொண்டு போய்விட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களும் சோலைப் பகுதிக்குத் தயங்காமல் வரலாம், நடப்பது முழுக்கத் தார்ச்சாலையில்தான். புல்வெளிச் சரிவு மட்டும் சற்றுக் கடினம். அன்றிரவே, பறவை நோக்குவோர் தாங்கள் கண்டவற்றைப் பதியும் ஈபேர்ட் இணையதளத்தில் பட்டியலைப் பதிந்து எங்களுக்கும் அனுப்பினார். குரல் மட்டும் கேட்ட பறவைகளை அதில் தனியே குறித்திருந்தார். காஷ்மீர் ஈப்பிடிப்பானைப் பார்க்க விரும்புகிறவர்கள் டிசம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீலகிரிக்கு வெளியிலிருந்து சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் இ-பாஸ் தேவைப்படுகிறது. வழிகாட்டிக்கு முன்பணம் அனுப்புவதற்கு முன் அதை எடுத்துவிடுவது நல்லது.