ஸ்டியரிங் நடுக்கம்: 18,600 ரூபாய் எஸ்டிமேட்டா, பாய் கடையா?

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து ஆம்பூர் போகும் வழியில், வேகம் 80 கி.மீ.-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் கைக்குள் நடுங்க ஆரம்பித்தது. 95 போனால் கொஞ்சம் அடங்கியது. 60-க்குக் கீழே சுத்தமாக ஒன்றுமில்லை. வண்டி ஏழு வருடம் ஓடிய டீசல் ஹேட்ச்பேக். இரண்டு இடத்தில் காட்டினேன்: ஒன்று கம்பெனி சர்வீஸ் சென்டர், இன்னொன்று காட்பாடி ரோட்டுப் பக்கம் ஒரு பாயின் அலைன்மென்ட் கடை (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் கடை). கடைசியில் பாயிடம்தான் விட்டேன். அதனால் என் தராசு அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

சர்வீஸ் சென்டரின் நல்லதுகள் எல்லோருக்கும் தெரிந்தவை. ஏசி அறை, கம்ப்யூட்டர் பில், ஒரிஜினல் பார்ட்ஸ், வேலைக்கு வாரண்டி. வண்டி வாரண்டியில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அங்கேதான் போக வேண்டும். டேஷ்போர்டில் ஸ்டியரிங் விளக்கு எரிந்தாலும் அப்படித்தான், ஸ்கேனர் இல்லாமல் அது ஆகாது.

என் விஷயத்தில் எல்லாம் டெஸ்ட் டிரைவில் வந்து நின்றது. சர்வீஸ் சென்டரில் நான் பேசியது அட்வைசரிடம், வண்டியைப் பார்த்தது மெக்கானிக். நான் சொன்ன "80-க்கு மேல்" என்பது ஜாப் கார்டில் "ஸ்டியரிங் வைப்ரேஷன்" என்ற இரண்டு வார்த்தையாகச் சுருங்கிவிட்டது. கேட்டைத் தாண்டி சர்வீஸ் ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினார்கள். அங்கே 40 தாண்ட முடியாது, நடுக்கம் எப்படி வரும்? லிஃப்டில் ஏற்றினார்கள், சக்கரத்தை வண்டியின் அடிப்பாகத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷில் வெடிப்பு தெரிந்தது, எஸ்டிமேட் வந்துவிட்டது. லோயர் ஆர்ம் இரண்டு, டை ராட் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைப்பது) இரண்டு, லிங்க் ராட் (சஸ்பென்ஷனில் ஒரு இணைப்புக் கம்பி) இரண்டு, அலைன்மென்ட், பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமன்செய்வது) எல்லாம் சேர்த்து 18,600.

பாய் கேட்ட முதல் கேள்வி, "பிரேக் போடும்போதா சார், சும்மா ஓடும்போதா?" பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். ஆக்சிலேட்டர் அழுத்தும்போது மட்டும் என்றால் இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட்டின் ஜாயின்ட் பக்கம் சந்தேகம் போகும். நின்ற இடத்தில் ஐடிலிங்கிலேயே நடுங்கினால் இன்ஜினைத் தாங்கும் மவுன்ட். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் வந்து அப்புறம் அடங்கினால் பெரும்பாலும் சக்கரம்: பேலன்ஸ், டயர், ரிம். ஸ்டியரிங்கில் தெரிந்தால் முன் சக்கரம், சீட்டில் தெரிந்தால் பின் சக்கரம் என்று ஒரு குத்துமதிப்பும் உண்டு. இதையெல்லாம் சொல்லிக்கொண்டே அவரே ஸ்டியரிங் பிடித்தார். பள்ளிகொண்டா டோல்கேட்டுக்கு முன்பு வரை போய்த் திரும்பினோம். வரும் வழியில் டீக்காசு அவர்தான் கொடுத்தார், வாங்க மாட்டேன் என்று பிடிவாதம் வேறு.

கடைக்கு வந்ததும் ஜாக் வைத்து முன் சக்கரத்தைத் தூக்கி, இடமும் வலமும் பிடித்து ஆட்டினார். டை ராட் எண்டில் ஆட்டமே இல்லை. மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், சக்கரத்தின் பேரிங்கும், லோயர் ஆர்ம் நுனியிலுள்ள பால் ஜாயின்ட்டும் கெட்டியாக இருந்தன. பிறகு பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டதும் எனக்கே தெரிந்தது: இடது முன் ரிம்மின் உள் விளிம்பு நெளிந்து ஆடியது. குடியாத்தம் ரோட்டில் ஒரு பள்ளத்தில் 'டம்' என்று இறங்கியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. இரும்பு ரிம் என்பதால் தட்டி நேராக்க 500, நாலு சக்கரத்துக்கும் பேலன்சிங் 600. நடுக்கம் போய்விட்டது. (அலாய் என்றால் இவ்வளவு எளிதில்லை, நேராக்கும்போது விரிசல் விடலாம்.)

அதற்காக அந்த எஸ்டிமேட்டை மோசடி என்று சொல்ல மாட்டேன். புஷ் வெடிப்பு உண்மை. ஏழு மாதம் கழித்து ஸ்பீட் பிரேக்கரில் 'கடக் கடக்' என்று சத்தம் வந்து வலது லோயர் ஆர்மை மாற்றத்தான் வேண்டியிருந்தது. ஆனால் நான் கேட்டது நடுக்கத்துக்கு மருந்து. 18,600 கொடுத்திருந்தால் அதில் இருந்த பேலன்சிங் நடுக்கத்தைக் குறைத்திருக்கும், நானும் லோயர் ஆர்ம்தான் காரணம் என்று நம்பியிருப்பேன்.

சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட்டின் விலை நியாயமா என்று பார்க்க நான் செய்தது இதுதான். பார்ட்ஸ் தனி, கூலி தனி என்று பிரித்துக் கேட்டேன். பார்ட் நம்பரை வாங்கி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் விசாரித்தேன், பெட்டியிலேயே எம்ஆர்பி அச்சிட்டிருக்கிறது, அதில் வரி அடங்கியது. கூலிக்கு மட்டும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். பார்ட்ஸ் விலையில் குறை இல்லை. கூலியில்தான் இடித்தது: லோயர் ஆர்முக்கு ஒரு அலைன்மென்ட், டை ராட் எண்டுக்கு ஒரு அலைன்மென்ட் என்று இரண்டு முறை போட்டிருந்தார்கள். இரண்டையும் மாற்றிவிட்டு ஒரே தடவை செய்கிற வேலை அது. கேட்டதும் ஒன்றை எடுத்துவிட்டார்கள், கேட்காமல் இருந்திருந்தால் எடுத்திருப்பார்களா என்பது வேறு விஷயம்.

பாயிடம் குறை இல்லாமல் இல்லை. பில் கிடையாது, துண்டுச்சீட்டில் தொகை மட்டும். வண்டியை விற்கும்போது சர்வீஸ் ரெக்கார்டு கேட்டால் காட்ட ஒன்றுமில்லை. என் அனுபவம் ஒரே வண்டி, ஒரே கடை. ஆனாலும் அடுத்த முறை எங்கே போனாலும் முதலில், "நீங்களே ஓட்டிப் பார்க்கிறீர்களா, நானும் கூட வரலாமா?" என்றுதான் கேட்பேன்.