காரணம் எழுதப்படாத ஊசி

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இந்த நவம்பரில் புதுச்சேரிக்கு வந்திருந்தேன். வந்த நான்காம் நாள், அடைமழைக்கு நடுவே, அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. முத்தியால்பேட்டையில் எங்கள் குடும்பத்துக்கென்று இருந்த பழைய டாக்டர் இப்போது இல்லை. கண்ணாடிப் புட்டியில் மிக்சர் ஊற்றி, வேளை அளவைக் காட்டக் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டித் தந்த அவருடைய கம்பவுண்டரும் இல்லை. ஆகவே இரண்டாம் நாள் காலையில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு ஆட்டோவில் அழைத்துச் சென்றோம்.

அங்கே சலைன் ஏற்றியது, பிரஷர் பார்த்தது, பிளேட்லெட் கணக்கை நாள்தோறும் சொன்னது எல்லாம் குறையின்றி நடந்தன. என் மனத்தில் இன்னும் முள்ளாக நிற்பது ஒரே ஒரு ஊசி. பத்து மணிக்குச் சேர்த்தோம். பதினொரு மணிக்குள் கையில் வென்ஃப்ளான் என்ற நரம்பூசிக் குழாயைக் குத்தி, செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக்கை ஒரு கிராம் ஏற்றிவிட்டார்கள். ரத்தம் சோதனைக்குப் போயிருந்ததே தவிர முடிவு வந்திருக்கவில்லை. கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு ரத்தம் எடுத்தீர்களா என்று கேட்டேன். எடுக்கவில்லை என்றார் சிஸ்டர். ஆன்டிபயாட்டிக் உடலுக்குள் போன பிறகு எடுக்கும் ரத்தத்தில் கிருமி வளர்ந்து காட்டும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதால், அந்த முதல் ஊசிக்கு முந்தைய சில நிமிடங்கள்தாம் உண்மையை அறிய நமக்குக் கிடைக்கும் நல்ல நேரம். அது கைநழுவிப் போயிற்று.

மாலையில் முடிவு வந்தது: டெங்கு. வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை பாசிட்டிவ். டெங்கு வைரஸால் வருவது. செஃப்ட்ரியாக்சோன் பாக்டீரியாவைக் கொல்வது. இனி ஊசியை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். இரவு பதினொரு மணிக்கு இரண்டாவது டோஸ் வந்தது, மறுநாள் மூன்றாவதும் நான்காவதும் வந்தன. ட்யூட்டி டாக்டரிடம் கேட்டபோது, அந்த இளைஞர் பொறுமையாகவே பதில் சொன்னார்: "ஒரு கவருக்காகத்தான் மேடம். வயசானவங்க, செகண்டரி இன்ஃபெக்‌ஷன் வந்துடக்கூடாது இல்லையா?" கவர் என்ற அந்தச் சொல்லை அந்த வார்டில் மூன்று நாளில் பலமுறை கேட்டேன். வராத நோய்க்குப் போர்த்தும் அந்தப் போர்வையால் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. அதற்குத் தனியாக மாத்திரை எழுதினார்கள்.

டாக்டர்களின் நிலையும் எனக்குத் தெரியும். மழைக்காலத்தில் இங்கே வரும் காய்ச்சல் டைபாய்டாக இருக்கலாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், சிறு பூச்சி கடித்துப் பரவும் ஸ்க்ரப் டைஃபஸாகவும் இருக்கலாம். முதல் நாளில் உயிருக்குப் பயந்து மருந்தைத் தொடங்குவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்க்ரப் டைஃபஸுக்கு வேண்டியது டாக்சிசைக்ளின் என்ற வேறொரு ஆன்டிபயாட்டிக். செஃப்ட்ரியாக்சோன் அதைத் தொடாது. சோதனை முடிவு வந்த பிறகும் யாரும் திரும்பிப் பார்க்காமல் அதே மருந்தை ஏற்றிக்கொண்டே இருப்பதைச் சிகிச்சை என்று எப்படிச் சொல்வது? உலக சுகாதார நிறுவனம் ஆன்டிபயாட்டிக்குகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. அதில் செஃப்ட்ரியாக்சோன், மருந்துக்கு அடங்காத எதிர்ப்புத்திறன் கிருமிகளிடம் பெருகும் ஆபத்து கூடுதல் என்பதால் கண்காணித்துக் கொடுக்க வேண்டிய இரண்டாம் வகையில் இருக்கிறது.

நான் வாழும் பிரான்சும் ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஆன்டிபயாட்டிக்கை அதிகம் விழுங்கிய நாடுகளில் ஒன்று. 2002ஆம் ஆண்டு அங்கே மருத்துவக் காப்பீட்டுத் துறை ஒரு பிரச்சாரத்தைத் தொடங்கியது: "லே அன்திபியோதிக், சே பா ஓதோமாத்திக்." ஆன்டிபயாட்டிக் என்பது தானாக வந்து சேர வேண்டிய மருந்தல்ல என்று பொருள். அங்கே என் மகளுக்குத் தொண்டை வலித்தபோது டாக்டர் ஒரு குச்சியால் தொண்டையைத் தடவிச் சோதித்தார். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இல்லை என்று தெரிந்ததும் டோலிப்ரான் என்ற பாராசிட்டமால் மட்டும் எழுதி அனுப்பினார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது, ஊரில் இருந்திருந்தால் ஒரு ஊசியிலேயே சரியாகியிருக்கும் என்று. அம்மாவும் இப்போது அதையேதான் சொன்னார்: "ஊசி போட்டதும் கொஞ்சம் தெளிஞ்சாப்ல இருக்குடி." அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும், நானும் அதில் வளர்ந்தவள்.

ஆன்டிபயாட்டிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் கட்டாயம் எழுதுங்கள் என்று மத்திய சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகம் 2024 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி டாக்டர்களைக் கேட்டுக்கொண்டது. தனியார் மருத்துவமனையும் அதைப் பின்பற்றினால் யாருக்கும் நஷ்டமில்லை. 1823ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி தொடங்கிய ஊர் இது. கோரிமேட்டு ஜிப்மர் அந்த வழியில் வந்தது. இந்த ஊரில் ஒரு வரி எழுதக் கேட்பது பேராசை ஆகாது. அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் கையுறைக் கணக்கு உட்பட எல்லாம் இருந்தன. செஃப்ட்ரியாக்சோன் ஆறு டோஸ் என்றும் இருந்தது. எதற்காக என்று இல்லை. போதாததற்கு, வீட்டில் சாப்பிட செஃபிக்சிம் 200 என்ற இன்னொரு ஆன்டிபயாட்டிக் மாத்திரை, காலை இரவு, ஐந்து நாள். இதுவும் ஏன் என்று பெரிய டாக்டரிடம் கேட்டதற்கு, "வேண்டாம்னா விட்டுடுங்க" என்றார். விட்டுவிடக்கூடிய மருந்தென்றால் எழுதியது ஏன் என்று கேட்க வாய் வந்தது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

மாத்திரைகள் பில்லோடு ஏற்கெனவே பொட்டலமாகி வந்திருந்தன. செஃபிக்சிம், டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ளது. 2014 மார்ச் முதல் இத்தகைய மருந்தை விற்கும் கடை, நோயாளியின் பெயரையும் டாக்டரின் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். டாக்டர் சொல்லாமல் சாப்பிடாதே என்று எச்சரிக்கும் சிவப்புக் கோடும் அட்டையின் பின்புறம் தெளிவாக இருந்தது. அம்மா அதை மஞ்சள் பிஸ்கட் டப்பாவில் பத்திரப்படுத்தினார்.

நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் பக்கத்து வீட்டு அண்ணி வந்தார். பையனுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல், பெரியம்மாவுக்குக் கொடுத்த மாத்திரையில் நாலு இருந்தால் கொடு என்றார். அம்மா டப்பாவை எடுக்க எழுந்தார். நான் அண்ணியிடம், பையனுக்கு முதலில் ரத்தம் பார்க்கலாம், நானே கூட வருகிறேன் என்று சொல்லிக் குடையை எடுத்துக்கொண்டேன்.