மூன்று விரற்கடைத் துணி: ஒரு பள்ளிக் கால்சட்டையுடன் இரண்டு ஆண்டுகள்

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்களே இருக்கின்றன. மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தோழி ஒருத்தி, "இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ வாங்கினாயே, அந்தக் கால்சட்டை இன்னும் உழைக்கிறதா? இப்போது விலையைக் குறைத்திருக்கிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டாள். "வாங்காதே" என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். அன்றிரவு அதே கால்சட்டையின் கீழ்மடிப்பைக் கடைசி முறையாகப் பிரித்து இறக்கிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு நன்றாக உழைத்த ஒன்றைப் பற்றி அப்படிச் சொன்னது நியாயம்தானா என்று மனம் உறுத்தியது. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் இருக்கும் காரணத்தை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

துணியின் விவரம் பள்ளி ஆடை வாங்கும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: 65 விழுக்காடு பாலியஸ்டர், 35 விழுக்காடு பருத்தி, சாய்கோட்டு நெசவு, கருநீல நிறம், இடுப்புப் பட்டிக்குள் காஜா வைத்த எலாஸ்டிக். மூத்தவளுக்கு அப்போது எட்டு வயது. அந்த ஆண்டு இரண்டு வகைகளில் வாங்கினேன். ஒரே உறையில் மூன்றாகப் போட்டு விற்ற மலிவான கால்சட்டைகள் ஒரு வகை. ஒன்றுக்கொன்று ஒப்பிட்டால் அவற்றைப் போல் ஒன்றரை மடங்கு விலையுள்ள கால்சட்டைகள் இன்னொரு வகை, அதில் இரண்டு. தோழி கேட்டது இந்த இரண்டாவது வகையைத்தான். ஜிப் எதிலும் பழுதாகவில்லை. பட்டன் இரண்டு வகையிலும் அறுந்தது. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

சொல்ல வேண்டியதெல்லாம் கால் நுனியில் உள்ளே மடித்துவிட்டிருந்த துணியைப் பற்றித்தான். மலிவு வகையில் அந்த மடிப்பு ஒன்றரை சென்டிமீட்டர். ஓரத்தை ஓவர்லாக் அடித்து (பிசிறு பிரியாமல் நூலால் சுற்றித் தைத்து), ஒரே ஒரு முறை மடித்து, ஒற்றை நூல் சங்கிலித் தையலால் பிடித்திருந்தார்கள். விலை கூடிய வகையில் மடிப்பு ஆறரை சென்டிமீட்டர், அதாவது மூன்று விரற்கடைக்குச் சற்று மேல். இடுப்பின் பின்பக்கத் தையலிலும் இருபுறமும் இரண்டரை சென்டிமீட்டர் துணி விட்டிருந்தார்கள். வாங்கும்போது இதை நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து முதல் சலவைக்காக உள்புறத்தை வெளியே திருப்பியபோதுதான் பார்த்தேன். விற்பனைச் சீட்டிலோ விளம்பரத்திலோ சொல்லப்படாத ஒரு நன்மையை யாரோ ஒரு வெட்டுநர் அல்லது வடிவமைப்பாளர் பிள்ளைகளை மனத்தில் வைத்து உள்ளே ஒளித்துக் கொடுத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நன்றி குறையவில்லை.

அந்தத் துணியின் மதிப்பைக் கணக்காகவும் சொல்லலாம். ஐந்து வயதுக்கும் பருவமெய்தும் வயதுக்கும் இடையில் ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறக்குறைய 5 முதல் 6 சென்டிமீட்டர் உயரும். அதில் பாதிக்கும் சற்று அதிகமான வளர்ச்சி காலில் சேர்கிறது. கால்சட்டைக்கு ஆண்டுதோறும் மூன்று சென்டிமீட்டர் நீளம் கூடுதலாகத் தேவைப்படும் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறரை சென்டிமீட்டர் மடிப்பில் கடைசித் தையலுக்கென இரண்டு சென்டிமீட்டரை விட்டுவிட்டாலும் நாலரை சென்டிமீட்டர் கையில் நிற்கிறது. அது ஒன்றரை ஆண்டு வளர்ச்சி. வாங்கும்போதே சற்று நீளமாக வாங்கியிருந்தால் இரண்டு ஆண்டுகள். இடுப்பு அந்த வேகத்தில் பெருப்பதில்லை என்பதால், எலாஸ்டிக்கை ஒவ்வொரு காஜாவாகத் தளர்த்திக்கொண்டே போனால் போதும். பிள்ளைகளின் ஆடை கிழிந்து வீணாவதைக் காட்டிலும் குட்டையாகி வீணாவதே அதிகம் என்பது இரண்டு பிள்ளைகளை வளர்த்த என் அனுபவம். அதனால் நீளத்தில் கிடைக்கும் இந்த நாலரை சென்டிமீட்டர் ஓராண்டுச் செலவுக்கு நிகரானது.

மலிவு வகையைப் பற்றி என் கோபத்தை அடக்கிக்கொண்டு எழுத முயல்கிறேன். பள்ளி திறந்த இரண்டாவது வாரத்தில், உடுத்தும் அவசரத்தில் மகளின் கால்விரல் நுனி மடிப்பில் மாட்டியது. ஒரு நூல் அறுந்தது. அவள் அதை இழுக்க, கால் முழுவதற்குமான தையல் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிட்டது. ஒற்றை நூல் சங்கிலித் தையலின் இயல்பே அதுதான். ஒரு கண்ணி விட்டுப்போனால் அடுத்தடுத்த கண்ணிகளும் வரிசையாக அவிழும். மேல்நூலும் அடிநூலும் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் சாதாரணத் தையலில் ஓரிடம் அறுந்தாலும் மற்ற இடங்கள் நிற்கும். மூன்று கால்சட்டைகளின் ஆறு கால் நுனிகளையும் ஒரே வார இறுதியில் நான் மீண்டும் தைத்தேன். ஐந்தாவது மாதத்தில் முழங்கால் பகுதி வழுக்கையாகத் தேய்ந்தது. தொடையின் உட்புறம் பிசிறு உருண்டைகள் கட்டின. கலவைத் துணியில் இந்த உருண்டைகள் எளிதில் உதிர்வதில்லை. பருத்தியில் எழும் உருண்டை தேய்ந்து விழுந்துவிடும். இங்கே உறுதியான பாலியஸ்டர் இழை அதை விடாமல் பிடித்துவைத்திருக்கும். ஆண்டு முடிவதற்குள் மூன்றுமே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டன, இறக்கிவிட உள்ளே துணியும் இல்லை.

ஆனால் அவற்றுக்கு ஒரு பெரிய நற்குணம் உண்டு, அதை மறைப்பது நேர்மையாகாது. துணி மெல்லியது என்பதால் மாலையில் துவைத்தால் காலையில் உலர்ந்திருக்கும். ஒரு பிள்ளைக்கு இரண்டே கால்சட்டைகள் உள்ள வீட்டில் இது சாதாரண வசதியல்ல. மழை நாள்களில் கனமான கால்சட்டையின் இடுப்புப் பட்டி ஈரம் காயாமல் இருக்க, அந்த மலிவுக் கால்சட்டைதான் எத்தனையோ காலைகளில் எங்களைக் காப்பாற்றியது.

மடிப்பை இறக்கிவிடுவதும் அவ்வளவு எளிய வேலையல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் முறை இரண்டரை சென்டிமீட்டர் இறக்கியபோது இரண்டு குறைகள் தெரிந்தன. பழைய மடிப்பு இருந்த இடத்தில் அழியாத ஒரு கோடு விழுந்திருந்தது. அதற்குக் கீழே, வெயிலும் உராய்வும் படாமல் உள்ளே இருந்த துணி மற்றப் பகுதியைவிடக் கருத்திருந்தது. கோடு விழுவதற்குக் காரணம் நாம் போடும் இஸ்திரிதான். பாலியஸ்டர் ஏறக்குறைய 70 முதல் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் இளகத் தொடங்கி, குளிரும்போது இருந்த வடிவத்தையே பற்றிக்கொள்ளும். ஓராண்டு முழுவதும் அந்த மடிப்பின் மேல் சூட்டை வைத்து அழுத்தியது நான்தான். வெள்ளை வினிகரைத் தண்ணீரில் கலந்து, அதில் நனைத்துப் பிழிந்த துணியைக் கோட்டின் மேல் விரித்து, மிதமான சூட்டில் அழுத்தி எடுத்தபோது கோடு பெருமளவு மங்கியது. முதலில் வெளியே தெரியாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்தே இதைச் செய்ய வேண்டும். ஓரத்தில் உராய்ந்து சாயம் போன இழை மட்டும் எதற்கும் மசியவில்லை. அதன் மேல் அதே நிற நூலால் ஒரு வரிசைத் தையல் ஓட்டியதும், அது அலங்காரத் தையல் போலவே அமைந்துவிட்டது. நிற வேறுபாட்டுக்கு நான் கண்ட வழி, விடுமுறையின் தொடக்கத்திலேயே மடிப்பை இறக்கி, பள்ளி திறப்பதற்குள் சில முறை துவைத்து வெயிலில் காயப்போடுவது. இரண்டாம் முறை அப்படிச் செய்தேன். அந்த வேறுபாட்டை மகள்கூடக் கண்டுபிடிக்கவில்லை.

முழங்காலைப் பற்றிச் சுருக்கமாக: தேய்ந்த பிறகு ஒட்டுப்போடுவதைவிட, புதிதாக இருக்கும்போதே உள்பக்கம் ஒரு மெல்லிய துணியை வைத்துத் தைத்துவிடுவது நல்லது.

செலவுக் கணக்கு எளிமையானது. விலை ஒன்றரை மடங்கு, உழைப்பு இரண்டு மடங்கு. ஆகவே ஓராண்டுக்கு ஆகும் செலவு மலிவு வகையின் செலவில் முக்கால் பங்குதான். ஆனால் இந்தக் கணக்கை ஓர் ஏழைக் குடும்பத்தின் முன்னால் நீட்டி, "விலை கூடியதை வாங்குவதுதான் சிக்கனம்" என்று அறிவுரை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மூன்று பிள்ளைகளுக்கும் காலணி, பை, குறிப்பேடு, சட்டை எல்லாம் ஒரே வாரத்தில் வாங்க வேண்டிய வீட்டில், இரண்டாம் ஆண்டில் மிச்சமாகப் போகும் கால் பங்கு இன்று கையில் இருக்காது. அவர்கள் கணக்குத் தெரியாமல் மலிவானதை வாங்குவதில்லை. இந்த வாரத்தைக் கடப்பதற்காக வாங்குகிறார்கள். என் தோழியும் அப்படித்தான். அதனால்தான், அவள் என்னிடம் கேட்பதற்கு முன்பே விலை குறைந்திருக்கிறது என்று கேள்விப்பட்டவுடன் அவளுக்காக மகிழ்ந்தேன், மறுநாளே கடைக்கும் போனேன்.

அதே சீட்டு, அதே அளவு எண், அதே 65க்கு 35 கலவை. கால் நுனியைத் திருப்பிப் பார்த்தேன். மடிப்பு இரண்டு சென்டிமீட்டர் இருந்தது. இடுப்பின் பின்தையலில் இரண்டரை சென்டிமீட்டர் விட்டிருந்த இடத்தில், ஓவர்லாக் அடித்த ஒரு சென்டிமீட்டர்கூட முழுமையாக இல்லை. ஐந்தாறு கால்சட்டைகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. கடையில் இருந்த பெண்ணிடம் இதைக் காட்டியபோது அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அடுத்த வருடம் எப்படியும் புதிது வாங்கத்தானே போகிறீர்கள்?" என்றார். அவர் மீது எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் இருக்கும் எண்ணம்தான் அந்தத் துணியை வெட்டி எடுத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஓர் ஆடையின் உற்பத்திச் செலவில் துணிக்கே பெரும்பங்கு போகிறது. பல அடுக்குகளாகத் துணியை விரித்து ஒரே நேரத்தில் வெட்டும் இடத்தில், ஒவ்வொரு காலிலும் நாலரை சென்டிமீட்டர் குறைத்தால் மிச்சமாவது கொஞ்சமல்ல. விலையைக் குறைக்க வேறு இடமே அவர்களுக்குக் கிடைக்கவில்லை என்றால், அதைச் சீட்டில் சொல்லியிருக்கலாம். வெளித்தோற்றத்தில் ஒரு நூல்கூட மாறாமல் வைத்துவிட்டு, திருப்பிப் பார்க்காதவர்கள் அறியாத இடத்தில் குழந்தையின் இரண்டாம் ஆண்டை அப்படியே கத்தரித்திருக்கிறார்கள். யார் அந்த ஓராண்டை நம்பி இருக்கிறார்களோ அவர்களிடமிருந்தே அது எடுக்கப்பட்டிருக்கிறது.

நியாயமாகப் பார்த்தால், குறைத்த விலையிலும் இந்தக் கால்சட்டை மலிவுத் தொகுதியைவிட நல்லதுதான். பூட்டுத் தையல், கனமான துணி, தாங்கும் முழங்கால் ஆகிய மூன்றும் இன்னும் இருக்கின்றன. இவற்றை மட்டும் கணக்கிட்டு ஒருவர் வாங்கினால் அவரைத் தவறு சொல்ல மாட்டேன். ஆனாலும் தோழிக்குச் சொன்ன பதிலை நான் மாற்றப் போவதில்லை. பிறகு அவளை மலிவானதையே வாங்கச் சொன்னேன், ஓர் அளவு பெரிதாக. கூடுதலாக வரும் நீளத்தை, இரண்டு மூன்று சலவைகளுக்குப் பிறகு துணி சுருங்கி முடிந்ததும், நாமே உள்ளே மடித்துத் தைத்துக்கொண்டால், அவர்கள் கொடுக்காத மடிப்பு நம் கைக்கு வந்துவிடும். இடுப்பை எலாஸ்டிக் பார்த்துக்கொள்ளும். இரண்டு அளவு பெரிதாக மட்டும் வாங்கக் கூடாது. தொடைச் சந்து தொங்கும், முழங்காலுக்காக வெட்டிய இடம் கெண்டைக்காலுக்கு இறங்கிவிடும், குழந்தை ஓடும்போது தடுக்கி விழும். எல்லாவற்றையும் பள்ளி திறக்கும் முன்பே வாங்க வேண்டாம், பாதியை இப்போதும் மீதியை ஆண்டின் நடுவிலும் வாங்கு என்றும் சொன்னேன். நடுவில் வாங்கும்போது வளர்ந்த அளவுக்கே வாங்கலாம். பிறர் உடுத்தியதை வாங்குவதாக இருந்தால், கால் நுனிக்கு மேலே பழைய மடிப்புக் கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோடு இருந்தால் உள்ளே இருந்த துணியை ஏற்கெனவே யாரோ இறக்கிவிட்டார்கள் என்று பொருள்.

பழைய கால்சட்டைகள் இரண்டும் இன்னும் வீட்டில்தான் இருக்கின்றன. மூத்தவளுக்கு இப்போது கடைசி மடிப்பையும் இறக்கிய ஒன்று அரையாண்டு வரை போதும். மற்றதை இந்த வாரம் தம்பிக்காக மீண்டும் ஏற்றித் தைத்தேன். ஆறரை சென்டிமீட்டரையும் முழுமையாக உள்ளே விட்டு, இந்த முறை மடிப்பின் ஓரத்தில் இஸ்திரி படாமல்.