கோய் மீன் போட்டி: ஏற்பாடு அருமை, அளவுதான் ஆளுக்கு ஆள்

போன மாதம் கோலாலம்பூர் பக்கம் நடந்த ஒரு கோய் மீன் (அழகுக்காக வளர்க்கும் வண்ணக் கெண்டை) போட்டிக்கு, வெள்ளை உடலில் சிவப்புத் திட்டுகள் உள்ள கொஹாக்கு வகையைச் சேர்ந்த என் மீனைக் கொண்டுபோனேன். ஏற்பாட்டில் குறையே இல்லை. ஒவ்வொருவர் மீனுக்கும் தனித் தொட்டி, ஒரு தொட்டியின் வலையை இன்னொன்றில் போட விடவில்லை. கோய் மீன்களைக் கொல்லக்கூடிய கோய் ஹெர்பிஸ் வைரஸ் தண்ணீர் வழியாகவும் பரவும் என்பதால் அந்தக் கண்டிப்பு ரொம்பச் சரி.

ஆனால் அளவெடுத்த விதம் மனதை நோகடித்துவிட்டது. 45 செ.மீ. வரை ஒரு பிரிவு. என் மீன் சட்டிக்குள் அசைந்துகொண்டிருக்கும்போதே மூக்கிலிருந்து வால் நுனி வரை அளந்து, 46 என்று எழுதி மேல் பிரிவுக்குத் தள்ளினார்கள். சரி, விதி என்றால் விதி. அப்புறம் அடுத்தவர் மீனுக்கு வால் நுனிவரை போகாமல், வால் இரண்டாகப் பிரியும் கவையிலேயே ஸ்கேலை நிறுத்தி 45 போட்டதைக் கண்ணால் பார்த்தேன். கேட்டதற்கு, "ஒரு சென்டிமீட்டர்தானே அண்ணே" என்றார் பொறுப்பாளர். அந்த ஒரு சென்டிமீட்டரால் தன் பிரிவில் கம்பீரமாக நின்றிருக்க வேண்டிய மீன், 55 செ.மீ. மீன்களுக்குப் பக்கத்தில் குட்டியாகத் தெரிந்தது. உடல்வாகுக்கே நடுவர்கள் அதிக மதிப்புக் கொடுக்கும் போட்டியில் இது சின்ன விஷயமா?

5-க்கு 3. எதுவரை அளப்பார்கள் என்பதை நுழைவுப் படிவத்திலேயே அச்சிட்டால் அடுத்த வருடமும் வருவேன்.