இன்டேக் மாட்டினார்கள், டியூன் செய்யவே இல்லை: பினாங்கு காடிக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பினாங்குத் தீவிலோ செபராங் பிறையிலோ காடிக்கு (காருக்கு) கோல்ட் ஏர் இன்டேக் என்ற காற்றுக்குழாய் மாட்டி, இசியூ டியூன் செய்யலாம், அதாவது இஞ்சினை நடத்தும் கணினியின் ஃபைலைத் திருத்தி எழுதலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் காசைக் கட்டுவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். டயர் மாற்றினால் புது டயர் கண்ணுக்குத் தெரியும். பிரேக் பேட் மாற்றினால் பழையதைக் கையில் கொடுப்பார்கள். டியூன் அப்படி இல்லை. இசியூவுக்குள் என்ன மாற்றினார்கள் என்பது பட்டறைக்காரர் சொன்னால்தான் உண்டு. அதை வைத்துத்தான் என்னிடம் 3,800 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு, செய்யாத டியூனைச் செய்ததாகச் சொல்லிக் காடியை ஒப்படைத்தார்கள்.

பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம். ஊகித்து வேறு யாருடைய பெயரையும் இழுக்காதீர்கள். நேர்மையாகத் தொழில் செய்கிற பட்டறைகளும் இதே வட்டாரத்தில் இருக்கின்றன. உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுத்ததே அப்படிப்பட்ட ஒருவர்தான்.

என்னுடையது ஹோண்டா சிவிக் எஃப்சி மாடல், 1.5 டர்போ, சிவிடி என்ற ஆட்டோ கியர். கம்பெனிக் கணக்குப்படி 173 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர் டார்க் (முறுக்குவிசை). பட்டர்வொர்த்திலிருந்து பாலம் ஏறி பாயான் லெப்பாஸ் வேலைக்குப் போய்வருகிற காடி. வார இறுதியில் குடும்பத்தோடு பாலிக் பூலாவ் பக்கம் போவோம். ஏற்றத்தில் கொஞ்சம் இழுவை கூடினால் நன்றாக இருக்குமே என்றுதான் விசாரித்தேன்.

முதலாளி நம்மவர். நேரில் போய்க் கேட்டேன்: "அண்ணே, ரெடிமேட் ஃபைலா, என் காடிக்குன்னு எழுதுறதா? சிவிடி தாங்குமா? ரோன் 95 போட்டு ஓட்டலாமா?" அவர் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார். "தம்பி, உங்க காடிக்குன்னே தனியா எழுதித் தர்றேன். டைனோவுல ஏத்தி முன்னே பின்னே ரெண்டு கிராஃபும் கையில கொடுப்பேன். ரோன் 95-க்கே செட் பண்ணிடலாம். நம்ம பிள்ளைங்ககிட்ட நான் விளையாடமாட்டேன்." டைனோ என்பது காடியை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் கருவி, ரோன் 95 நாம் வழக்கமாக ஊற்றும் பெட்ரோல். இதே வாக்குறுதிகளை வாட்ஸ்அப்பிலும் எழுதி அனுப்பினார். அந்தச் செய்திகள் இன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

காடியை எடுக்கப் போனபோது பானெட்டைத் திறந்து காட்டினார். பளபளவென்று அலுமினியக் குழாய், அதன் நுனியில் சிவப்புக் கூம்பு ஃபில்டர். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஃபில்டர் உட்கார்ந்திருந்த இடம் இஞ்சினுக்குப் பக்கத்திலேயே, ஹெட்லைட்டுக்குப் பின்னால். நடுவில் வெப்பத்தைத் தடுக்கும் தகடு எதுவும் இல்லை. பம்பர் பக்கமிருந்து காற்று வரும் வழியும் இல்லை. கோல்ட் ஏர் இன்டேக் என்றால் இஞ்சின் அறைக்கு வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இழுக்க வேண்டும். அதற்காகத்தான் ஃபில்டரைக் கீழே இறக்கி ஃபெண்டர் பக்கமோ பம்பர் பக்கமோ கொண்டுபோவார்கள், இல்லாவிட்டால் மூடிய பெட்டிக்குள் வைப்பார்கள். எனக்கு மாட்டியது சூடான காற்றை உறிஞ்சும் குழாய்.

இது சின்ன விஷயம் இல்லை. காற்று 10 டிகிரி சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 3 விழுக்காடு குறையும். அதற்கு மேல், உள்ளே வரும் காற்று சூடாக இருக்கிறது என்று தெரிந்தாலே இசியூ இக்னிஷனை, அதாவது தீப்பொறி விடும் நேரத்தை, பின்னுக்குத் தள்ளிவிடும், இஞ்சின் தட்டாமல் (எரிபொருள் தாறுமாறாக வெடிக்காமல்) இருப்பதற்காக. நம் ஊர் வெயிலில், மாலை நேரத்தில் பாலத்தில் நெரிசலில் நிற்கும்போது என் போனில், காடியின் கணினியைப் படிக்கும் ஓபிடி ஆப்பைத் திறந்து பார்த்தேன். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டி நின்றது. ஃபில்டரை மூடிவைக்கும் கம்பெனிப் பெட்டி (ஏர் பாக்ஸ்) இருந்தபோது, ஓடுகிற காடியில் அது வெளி வெப்பத்தைவிடச் சில டிகிரிதான் கூட இருக்கும். காசு கொடுத்து மாட்டிய பொருள் இருந்த சக்தியையும் குறைத்துவிட்டது.

சத்தம் மட்டும் கூடியிருந்தது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பெட்டியை எடுத்துவிட்டுத் திறந்த ஃபில்டர் வைத்தால் டர்போ இழுக்கும் 'உஸ்' சத்தம் உள்ளே வரை கேட்கும். மிதித்தால் சீறுகிறது, அதனால் வேகம் கூடிவிட்டது என்று காது நம்பிவிடுகிறது.

ஆபத்து அதற்கு அப்புறம் வந்தது. பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஜாலான் துன் சார்டோன் ஏற்றத்தில், பின்னால் அம்மாவும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க, இஞ்சினிலிருந்து டின்னுக்குள் சரளைக்கல் போட்டுக் குலுக்கினாற்போல் ஒரு சத்தம். மிதியைத் தளர்த்தியதும் நின்றது, மிதித்தால் மறுபடி. கொஞ்ச தூரத்தில் செக் இஞ்சின் விளக்கு எரிந்தது. ஓரமாக நிறுத்தி ஆப்பில் பார்த்தேன், பிழைக் குறியீடு பி0171. இஞ்சினுக்குள் காற்றுக்கு ஏற்ற எண்ணெய் (பெட்ரோல்) போகவில்லை என்று அர்த்தம்.

ஏன் அப்படி ஆனது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இன்டேக் மாட்டுகிற ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். காற்று போகும் வழியில் மாஃப் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போகும் காற்று எவ்வளவு என்று அளந்து இசியூவுக்குச் சொல்வது அதுதான். கம்பெனிக் குழாயின் அகலத்துக்குத்தான் அதன் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அகலமான குழாயில் அதே சென்சாரைச் சொருகினால், அதே அளவு காற்று மெதுவாகக் கடந்துபோகும், சென்சாரும் காற்று குறைவு என்று சொல்லிவிடும். ஒரு கணக்குக்கு, 60 மில்லிமீட்டர் குழாயை 70 ஆக்கினால் குறுக்குப் பரப்பு 36 விழுக்காடு கூடுகிறது. சென்சார் கால் பங்குக்கு மேல் குறைத்துச் சொல்லும். இசியூவும் அதை நம்பிக் குறைவாகவே எண்ணெய் தெளிக்கும். இசியூ தானாக எண்ணெயைக் கூட்டிக் குறைக்கும் ஃபியூல் டிரிம் என்ற திருத்தம் ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். என் காடியில் அது 20 விழுக்காட்டைத் தாண்டி ஏறியிருந்தது. நல்ல காடியில் அது பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். எண்ணெய் குறைந்த கலவையோடு, பாரம் ஏற்றி, டர்போ அழுத்தத்தில் மலை ஏறினால் இஞ்சின் தட்டும். அப்படியே ஓட்டிக்கொண்டிருந்தால் பிஸ்டன் போகும்.

அதனால்தான் இந்த மாதிரி இன்டேக்கோடு டியூன் அவசியம். புதுக் குழாய்க்கு ஏற்றபடி அந்த சென்சார் கணக்கைத் திருத்தி எழுத வேண்டும். அதற்கும் சேர்த்துத்தான் என்னிடம் காசு வாங்கினார்கள்.

பட்டறைக்குத் திரும்பப் போனேன். ஃபோர்மன் ஒருவர் ஸ்கேனரைச் சொருகினார், பிழைக் குறியீட்டை அழித்தார், விளக்கு அணைந்தது. "புது டியூன் தம்பி, இஞ்சின் பழகணும்" என்றார் முதலாளி. இரண்டு நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. போன் செய்தால் "ரோன் 100 போட்டுப் பாருங்க" என்கிறார், அது உயர்தரப் பெட்ரோல். ரோன் 95-க்கே எழுதித் தருவேன் என்று வாட்ஸ்அப்பில் எழுதிய அதே மனிதர். பழைய ஏர் பாக்ஸைத் திருப்பிக் கேட்டேன், கம்பெனிப் பெட்டியை மாட்டிக்கொண்டாவது ஓட்டலாம் என்று. "அது வீசியாச்சே" என்றார். என்னுடைய பொருளை என்னைக் கேட்காமல் வீச இவர்களுக்கு யார் உரிமை கொடுத்தது? கடைசியில் ஒரு கெடாய் பொத்தோங்கில் (பழைய காடிகளைப் பிரித்துப் பாகம் விற்கும் கடையில்) தேடி அதே மாடல் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினேன்.

புக்கிட் மெர்தாஜாமில் வேறொரு டியூனரிடம் காடியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, இசியூவில் எந்த ஃபைல் இருக்கிறது என்று காட்டும் கேலிபிரேஷன் எண்ணையும் சிவிஎன் என்ற சரிபார்ப்பு எண்ணையும் படித்தது. இசியூவுக்குள் இருக்கும் ஃபைலில் ஓர் எழுத்து மாறினாலும் பொதுவாக இந்தச் சிவிஎன் மாறிவிடும். என் காடியில் இருந்தது கம்பெனி ஃபைலின் எண். உறுதிப்படுத்த இசியூ ஃபைலையே முழுதாக எடுத்து, அதே வகைக் கம்பெனி ஃபைலோடு ஒப்பிட்டார். ஒரு வித்தியாசமும் இல்லை. யாரும் எதையும் எழுதவில்லை.

அப்புறம் எனக்குக் கொடுத்த டைனோ கிராஃபை விரித்தார். நான் பார்த்தது குதிரைத்திறனை மட்டும். அவர் விரல் வைத்தது தாளின் அடியில். கோடு 7,400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இஞ்சின் சுற்று) வரை போகிறது. என் காடி 6,500-ஐ ஒட்டியே வெட்டிவிடும், அதற்கு மேல் சுற்றாது. தாளின் மூலையில் பொடி எழுத்தில் ஒரு தேதி, நான் காடியை அங்கே விடுவதற்குப் பல மாதங்களுக்கு முந்தியது. வேறு யாருடைய காடிக்கோ எடுத்த கிராஃபைப் பிரதி எடுத்து என் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

டியூன் செய்யப் போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள். காடியை விடுவதற்கு முன்பே ஓபிடி ஆப் ஒன்றில் கேலிபிரேஷன் எண்ணையும் சிவிஎன்னையும் பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். மலிவான புளூடூத் அடாப்டர் போதும், பல ஆப்புகள் இவற்றைக் காட்டும். வேலை முடிந்ததும் மறுபடி பாருங்கள். எண் மாறவில்லை என்றால் காசு கொடுப்பதற்கு முன் விளக்கம் கேளுங்கள். கம்பெனி ஃபைலின் பிரதியை உங்களிடம் தரச் சொல்லுங்கள். ஒழுங்காக வேலை செய்கிறவர் ஓடும்போது எடுத்த லாக்கை (கணினிப் பதிவை) காட்டுவார். அதில் காற்று எண்ணெய்க் கலவை, இக்னிஷன், இஞ்சின் தட்டல், காற்றின் வெப்பம் எல்லாம் இருக்கும். டைனோ என்றால் பக்கத்தில் நின்று பாருங்கள், உங்கள் காடி எண், தேதி, நேரம் தாளில் இருக்கிறதா என்று பாருங்கள். சிவிடி காடி வைத்திருப்பவர்கள் டார்க்கை எந்த ஆர்பிஎம்மில் எவ்வளவு ஏற்றப் போகிறார் என்று கட்டாயம் கேளுங்கள். கீழ் ஆர்பிஎம்மிலேயே அள்ளிக் கொடுத்தால் சிவிடி தாங்காது, அதை மாற்றும் செலவு டியூன் செலவைவிடப் பல மடங்கு.

பழைய பாகங்கள் எல்லாம் திரும்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். என் பில்லில் கையெழுத்தில் ஒரே வரி: "இன்டேக் + டியூன் 3,800". எது எவ்வளவு என்று பிரித்து எழுதவில்லை, உத்தரவாதம் பற்றி ஒரு சொல் இல்லை. ஏர் ஃபில்டருக்கு எண்ணெய் தடவுகிற வகை என்றால் அளவோடு தடவச் சொல்லுங்கள், அந்த எண்ணெய் சென்சாரில் படிந்தால் அதன் கணக்கு கெட்டுவிடும். காடி இன்னும் கம்பெனி உத்தரவாதத்தில் இருந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள். இன்சூரன்ஸுக்கும் தெரியப்படுத்துங்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் சும்மா விட்டுவிடாதீர்கள். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றம், மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா, இதற்காகவே இருக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை, பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். தீர்ப்பு கொடுத்து 14 நாளில் எதிர்த்தரப்பு அதன்படி நடக்காவிட்டால் அது குற்றமாகும். எப்படி எழுதுவது என்று தெரியாதவர்கள் ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் இருக்கும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் போய் ஆலோசனை கேட்கலாம். நான் பில், வாட்ஸ்அப் செய்திகள், அந்தப் போலி கிராஃப், இரண்டாவது டியூனர் எழுதிக் கொடுத்த அறிக்கை, பழைய பெட்டி வாங்கிய ரசீது எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன்.

சிவிக் டர்போ வைத்திருப்பவர்கள் யாராவது கடந்த ஓராண்டில் செபராங் பிறையில் டைனோ கிராஃப் வாங்கியிருந்தால், 7,400 வரை கோடு போகிறதா என்று எடுத்துப் பாருங்கள். அப்படி இருந்தால் அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். விசாரணைக்கு நாள் குறிப்பதற்குள் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தால்கூட வழக்குக்குப் பெரிய பலம்.