நூறு கிராம் சனியன்: இலகு மரமேறும் கிட்டோடு காட்டுநடை

9 மி.மீ. செமி-ஸ்டேடிக் (அதிகம் நீளாத) கயிறு தள்ளுபடியில் வந்திருக்கிறது, 30 மீட்டர் வாங்கினால் மரமேற்றத்தையும் பேக்பேக்கிங்கையும் ஒரே பையில் அடக்கிவிடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். அடக்கலாம். ஆனால் அவர் அனுப்பிய பட்டியலில் கயிறு இருக்கிறது, ஹார்னெஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் வார்) இருக்கிறது, காராபினர் (மாட்டுக்கொக்கி) எத்தனை என்பதுகூட இருக்கிறது. எறிநூல் இல்லை: நுனியில் கனமான சிறு பையைக் கட்டிக் கிளைமேல் எறிந்து, பிறகு கயிற்றை மேலே இழுத்தேற்ற உதவும் மெல்லிய நூல். எல்லோரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். காட்டில் ஒரு பகல் எங்கே போனது என்று கணக்குப் பார்த்தால் பாதி அந்த நூலோடுதான் போயிருக்கும்.

நகராமல் தொங்கும் ஒரே கயிற்றைப் பிடித்து ஏறும் ஒற்றைக் கயிற்று முறை தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். தெரியாதவர்கள் பயிற்றுநர் ஒருவரோடு தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் எல்லாவற்றையும் செய்து பார்த்த பிறகு திரும்பி வரலாம். இடம்: அமெரிக்காவின் வடமேற்கு மூலை. ஒலிம்பிக் தீபகற்பமும் கேஸ்கேட் மலையின் மேற்குச் சரிவும். மரங்கள்: டக்ளஸ் ஃபிர், ரெட் சீடர், பிக்லீஃப் மேப்பிள். தென்னை, பனை ஏறும் எண்ணத்தோடு படிப்பவர்களுக்கு இது உதவாது. கயிறு போடக் கிளை வேண்டும்.

எடைக் கணக்கில் குறையே சொல்ல முடியாது. மரவேலைக்காரர்கள் வைத்திருக்கும் அரை அங்குலக் கயிறு 45 மீட்டர் என்றால் ஐந்து கிலோவைத் தொடும், அகலமான சேடில் (அவர்களுடைய ஹார்னெஸ்) இரண்டு கிலோ. அதோடு கூடாரம், சமையல், நான்கு நாள் சாப்பாடு என்று சேர்த்தால் நடக்கவே முடியாது. இந்த இலகு கிட்டில் கயிறு மீட்டருக்கு ஐம்பது கிராம் சொச்சம். 30 மீட்டர் சுமார் 1.6 கிலோ. குகையேறிகள் போடும் ஹார்னெஸ் அரைக் கிலோ. மார்பு அசெண்டர், கை அசெண்டர் (கயிற்றைக் கவ்வி மேல்நோக்கி மட்டும் நகரும் பிடிகள்), கால் கண்ணி மூன்றும் சேர்ந்து 350 கிராம். இறங்குவதற்கு எட்டு வடிவ டிசெண்டர், காராபினர் ஐந்து, கயிற்றைச் சுற்றிக் கவ்வும் 6 மி.மீ. ப்ரூசிக் கண்ணி இரண்டு, தலைக்கவசம். எல்லாம் சேர்ந்து மூன்றரைக் கிலோவுக்குள் நிற்கும். எறிநூல் 1.75 மி.மீ. டைனீமா என்னும் வலுவான இழை, 55 மீட்டர், நூறு கிராம்கூட வராது.

அந்த நூறு கிராம்தான் சனியன்.

ஏன் என்று சொல்ல, 30 மீட்டர் கயிறு எப்படிப் போதுமாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். கயிற்றைக் கிளைமேல் போட்டு மறுமுனையை அடிமரத்தில் கட்டுவது ஒரு வழி. அடிக்கட்டு என்று வைத்துக்கொள்வோம். 20 மீட்டர் உயரக் கிளைக்கு ஏற 20, இறங்க 20, அடிமரத்தைச் சுற்ற ஐந்து. 45 மீட்டருக்குக் குறையாது, 50 இருந்தால் நிம்மதி. இன்னொரு வழி, கிளையிலேயே சுருக்கு இறுகும்படி செய்வது. இது மேற்கட்டு. கயிற்றின் ஒரு முனையில் முடிச்சுப் போட்டு எஃகு வளையம் ஒன்றை மாட்டவும். எறிநூலின் இழுக்கும் பக்கத்தை அந்த வளையத்துக்குள் முதலிலேயே நுழைத்துவிட்டு, மறுபக்க நூலில் கயிற்றின் வெறும் முனையைக் கட்டவும். இப்போது இழுத்தால் வெறும் முனை மேலே போய், கிளையைத் தாண்டி, வளையம் வழியாகவே இறங்கி வரும். மேலும் இழுக்க, முடிச்சு ஏறிப் போய்க் கிளையைக் கவ்விக்கொள்ளும். திரும்ப எடுக்க, முடிச்சில் 22 மீட்டர் தனி நூல் ஒன்றை முன்கூட்டியே கட்டித் தொங்கவிட வேண்டும். இந்த மீட்பு நூல் 3 மி.மீ. இருக்கட்டும், எறிநூலை இழுத்தால் விரலை அறுக்கும். இப்படிச் செய்தால் 20 மீட்டர் கிளைக்கு 30 மீட்டர் கயிறு தாராளம்.

இன்னொரு லாபமும் உண்டு. அடிக்கட்டில் கயிற்றின் இரு பக்கமும் கிளையைக் கீழே இழுப்பதால், ஏறுபவர் எடையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கிளைமேல் விழும். மேற்கட்டில் ஒரு மடங்குதான்.

கேட்க அருமையாக இருக்கிறது, இல்லையா? விற்பவர்கள் இதுவரைதான் சொல்வார்கள். மேற்கட்டுக்கு நூல் ஒரே ஒரு கிளைமேல் மட்டும் கிடக்க வேண்டும். பக்கத்துக் கிளை ஒன்றையும் சேர்த்துப் பிடித்திருந்தால் முடிச்சு நடுவழியில் சிக்கி நிற்கும், அல்லது வலுவில்லாத சுள்ளியில் இறுகும். ஓக் மரத்தில் இது பெரிய காரியமில்லை. 1983இல் அட்லாண்டாவில் பீட்டர் ஜென்கின்ஸ் ட்ரீ கிளைம்பர்ஸ் இண்டர்நேஷனல் என்ற மரமேறிகள் அமைப்பைத் தொடங்கியபோது இந்தப் பொழுதுபோக்கு வளர்ந்தது ஓக் மண்ணில்தான். கிளை விரிந்து, நடுவே வானம் தெரியும் மரங்கள். டக்ளஸ் ஃபிரில் கிளைகள் அடுக்கடுக்காக, நெருக்கமாக, கீழே சரிந்து தொங்கும். அடியில் இருக்கும் பல கிளைகள் செத்தவை. கையால் எறிந்து நம்பிக்கையாக எட்டக்கூடிய உயரம் 15 முதல் 18 மீட்டர். முதிர்ந்த மரங்களில் முதல் உயிர்க்கிளையே பெரும்பாலும் அதற்கு மேல்தான். பெரிய கவண் கொண்டு அடித்தால் 30 மீட்டர் தாண்டும், ஆனால் அதன் இரட்டைக் கழியை முதுகில் கட்டிக்கொண்டு மலையேற யாரும் தயாரில்லை. ஆகவே ஆற்றோரம், காட்டின் விளிம்பு என்று கிளை தாழ்ந்த மரமாகத் தேடிப் போய் எறிவோம். அங்கே நூல் மூன்று கிளைமேல் விழும்.

மூன்றைப் பிரித்து ஒன்றாக்குவது இப்படி: பையைத் தரைவரை இறக்கவும். நூலின் இரு முனையிலும் பை கட்டவும். வேண்டாத கிளையிலிருந்து நூல் நழுவும்வரை ஒரு முனையை மெல்ல மேலே இழுத்து, தாண்டியதும் மறுபடி இறக்கவும். அடுத்த கிளைக்கு மீண்டும் அதே வேலை. ஒருபோதும் செய்யக்கூடாதது, பையோடு சேர்த்து நூலை மரத்துக்குள் அவசரமாகத் திரும்ப இழுப்பது. பை கவையில் போய் மாட்டுவது தொண்ணூறு சதவீதம் இதனால்தான். எறி தப்பிவிட்டதா? பையைக் கீழே இறக்கி, அவிழ்த்து, வெறும் நூலை உருவுங்கள். மாட்டிக்கொண்டால் முதலில் தளர்த்திச் சுண்டிப் பார்க்கவும், பிறகு வேறு கோணத்துக்கு நடந்துபோய் இழுக்கவும். கையில் சுற்றிக்கொண்டு பலம் காட்ட வேண்டாம். டைனீமா அவ்வளவு லேசில் அறாது, பை விடுபட்டால் நேராக முகத்துக்கு வரும். ஒரு குச்சியில் சுற்றி, தலைக்கவசம் போட்டு, அடிமரத்துக்கு மறைவாக நின்று இழுப்பது உத்தமம்.

சிக்கலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த நூலைச் சுருளாகச் சுற்றி வைக்கவே கூடாது. கை கையாக இழுத்து, வந்தது வந்தபடி மூன்று லிட்டர் துணிப்பைக்குள் திணித்துக்கொண்டே போக வேண்டும். எறியும்போது கடைசியில் போனது முதலில் வெளிவரும். தரையில் கொட்டினால் போச்சு. சலால் புதரும் வாள்பெரணியும் சுள்ளியும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் கூடு கட்டிவிடும். கூடாரத்தின் அடிவிரிப்பை விரித்து அதன்மேல் போடுங்கள். இந்தக் கிட்டில் காசு கொடுக்காமல் கிடைக்கும் ஒரே முன்னேற்றம் இதுதான். நூல் முறுக்கேறிவிட்டால் பையை அவிழ்த்துவிட்டு, மண்பாதையில் வெறும் நூலாக இழுத்துக்கொண்டு கொஞ்சதூரம் நடந்தால் முறுக்கு தானாக இறங்கும். ஃபிர் பிசின் பட்ட இடத்தைச் சமையல் எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, சோப்பு நீரில் அலசலாம். நூலுக்கு மட்டும்; ஏறும் கயிற்றில் எண்ணெய் படவே கூடாது.

இனி, "இடத்திலேயே நிரப்பிக்கொள்ளும்" என்று விற்கப்படும் எறிபை, அதாவது நூல் நுனியில் கட்டும் பை. பெயர் சொல்லப் போவதில்லை, இந்த வகையில் எல்லாமே ஏறத்தாழ ஒன்றுதான். வெறும் உறை நாற்பது கிராம், போன இடத்தில் ஆற்று மணலோ சரளையோ போட்டுக்கொள்ளலாம், முந்நூறு கிராம் ஈயம் சுமக்க வேண்டாம் என்பது வாதம். கணக்குப் போட்டவர்கள் எடையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். 340 கிராம் ஈயக்குண்டு சுமார் ஐம்பது கன சென்டிமீட்டர். அதே எடைக்கு மணல் இருநூறுக்கு மேல். நான்கு மடங்கு பருத்த பை நான்கு மடங்கு கவைகளில் மாட்டும். ஊசியிலைக்குள் விழுந்தால் மெத்தையில் விழுந்தது போல அங்கேயே உட்கார்ந்துவிடும், கீழே இறங்காது. ஒட்டுப்பட்டி மூடிக்குள் மணல் புகுந்ததும் பிடிமானம் போய், மூன்றாவது எறியில் திறந்து தலையில் சரளை மழை. முந்நூறு கிராம் மிச்சம் பிடிக்கப் போய் ஒரு பிற்பகலைக் கொடுப்பது என்ன சிக்கனம்? நீண்டு மெலிந்த, ஈயம் நிரப்பித் தைத்து மூடிய பையையே சுமந்துவிடுங்கள். ஊசியிலை மரத்துக்கு 350 முதல் 400 கிராம். அதற்குக் குறைந்தால் நூலின் உராய்வை மீறிப் பை இறங்காது.

கோபத்தை ஒதுக்கிவைத்து நியாயமாகவும் பார்ப்போம். கயிற்றின்மேல் ஒரு குற்றமும் இல்லை. நைலான் உள்கயிறு, பாலியெஸ்டர் மேலுறை உள்ளதாகப் பார்த்து எடுத்தால் மழைநீரை அதிகம் குடிக்காது. முழு நைலான் கயிறு ஒரு தூறலுக்கே கனத்துவிடும். இவ்வகைக் கயிறுகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 1891இல் இது பி வகை, குறைந்தபட்சத் தாங்குதிறன் 18 கிலோநியூட்டன். ஏ வகைக்கு 22. மெல்லிய கயிறு என்பதால் இரண்டு எச்சரிக்கை. பல் வைத்த அசெண்டரின்மேல் தளர்வு விட்டு விழக்கூடாது. நான்கு கிலோநியூட்டன் அளவிலான அதிர்ச்சியே மேலுறையை உரித்துவிடக்கூடும். இறங்கும்போது, அதுவும் ஈரத்தில், எட்டு வடிவ டிசெண்டரில் வேகம் பிடிக்கும். கீழே 6 மி.மீ. கண்ணியால் ஆட்டோபிளாக் (கை விட்டாலும் கயிற்றைக் கவ்வி நிறுத்தும் முடிச்சு) போட்டு ஹார்னெஸில் மாட்டாமல் இறங்காதீர்கள். அசெண்டரிலிருந்து டிசெண்டருக்கு மாற இடம் வேண்டும் என்பதால் கிளைக்கு ஒரு மீட்டர் கீழேயே நின்றுவிடவும். முடிச்சுவரை ஏறினால் எழுந்து நின்று மார்பு அசெண்டரைக் கழற்ற முடியாது.

ஹார்னெஸ் சுமார். அரைமணிக்கு மேல் தொங்கினால் தொடை மரத்துப்போகும், கால் கண்ணியில் அவ்வப்போது எழுந்து நில்லுங்கள்.

ஏறுவதற்கு முன் பார்க்க வேண்டியவை வழக்கமானவைதான், ஆனால் இங்கே இரண்டு சேர்கின்றன. டக்ளஸ் ஃபிரின் அடிமரத்தில், கிளைக்கட்டை ஒட்டி அலமாரித் தட்டு போலக் காளான் நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளே வைரம் அழுகியிருக்கிறது. உச்சி மெலிந்து, சின்னச் சின்னக் கூம்புகளாக அளவுக்கு மீறிக் காய்த்திருந்தால் வேரழுகலாக இருக்கலாம். இரண்டையும் விட்டு விலகுங்கள். உயிருள்ள கிளை, அடிமரத்தோடு சேரும் இடத்தில் 15 செ.மீ. பருமன், கயிறு அந்தச் சேர்க்கைக்கு ஒட்டினாற்போல். பிறகு இரண்டு பேர் சேர்ந்து தொங்கிக் குலுக்கிப் பார்ப்பது. தனியாகப் போகிறவர்கள் இந்தக் கிட்டை வாங்கவே வேண்டாம். மேற்கட்டில் மாட்டிக்கொண்டவரைத் தரையிலிருந்து இறக்க வழி கிடையாது, இன்னொருவர் இன்னொரு அசெண்டர் ஜோடியோடு ஏறித்தான் ஆக வேண்டும். அடிக்கட்டில், அடியில் டிசெண்டர் வைத்துக் கட்டியிருந்தால், போதிய கயிறும் இருந்தால், கீழே நிற்பவரே இறக்கிவிடலாம். மீட்புக் குழு வர மணிக்கணக்காகும் காட்டில் இந்த வித்தியாசம் ஒரு கிலோ கயிற்றுக்கு மேல் பெறும்.

எதிர்பாராத சந்தோஷம் என்றால் பிக்லீஃப் மேப்பிள். கவை அகலம், கிளை வெட்டவெளி, 12 மீட்டரில் நல்ல கிளை கிடைக்கும், நூல் முதல் எறியிலேயே பெரும்பாலும் உட்காரும். மேலே போனால் முழங்கை ஆழப் பாசி, அதில் பெரணி, அதற்கடியில் மண். அந்த மண்ணுக்குள் மரமே தன் கிளையிலிருந்து வேர் விட்டிருப்பதை சூழலியலாளர் நளினி நட்கர்னி 1981இல் எழுதிக் காட்டினார். கயிற்று முறையின் அழகு இங்கேதான் தெரிகிறது: ஒற்றைக் கயிறு நகராது, ஆகவே பாசியை அறுக்காது. இரட்டைக் கயிற்று முறையில், ஏற ஏறக் கயிறு கிளைமேல் ஓடிக்கொண்டே இருக்கும். உராய்வு காக்கும் வார் இல்லாவிட்டால் பட்டையையும் பாசியையும் சேர்த்துத் தேய்த்துவிடும். பாசி மூடிய கிளையின் பருமனைக் கீழிருந்து நம்பாதீர்கள், பாதி பாசியாகவே இருக்கும். இலையுதிர்ந்த பிறகு போனால் கிளையமைப்பு தெளிவாகத் தெரியும்.

இராத்திரி அந்த எறிநூலே சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாமல் தொங்கவிடவும் உதவுகிறது. தரையிலிருந்து நான்கு மீட்டர், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி. மற்றவர்கள் கல்லைக் கட்டி எறிந்து அல்லாடும்போது நமக்கு இரண்டு நிமிட வேலை. பகலெல்லாம் திட்டிய நூலை அப்போது மன்னிக்கத் தோன்றும். (கரடி திறக்க முடியாத உணவுப்பெட்டி கட்டாயமான பகுதிகளில் இதுவும் செல்லாது.)

அனுமதி விஷயம்: தேசியப் பூங்காவுக்கும் தேசிய வனத்துக்கும் விதிகள் வேறு, புறப்படுமுன் அந்தந்த ரேஞ்சர் அலுவலகத்தில் கேளுங்கள். கடலை ஒட்டிய முதிர்காடுகளில் ஏப்ரல் முதல் செப்டம்பர்வரை எறியவே வேண்டாம். மார்பிள்டு மர்ரெலெட் என்னும் கடற்பறவை பாசி படர்ந்த பெருங்கிளையில் ஒற்றை முட்டை இட்டு அடைகாக்கும் காலம் அது. 1974இல் கலிபோர்னியாவின் பிக் பேசினில் அதன் கூட்டைக் கண்டதே மரமேறிய ஒரு மரவேலைக்காரர்தான்; அதுவரை வட அமெரிக்காவில் அது எங்கே கூடு கட்டுகிறது என்று தெரியாமல் இருந்தார்கள்.

ஆக, நண்பருக்கு: 30 மீட்டர் வேண்டாம், 50 எடுங்கள். கூடுதல் ஒரு கிலோவைச் சமையல் பாத்திரத்தில் குறையுங்கள். இந்தக் கிட்டுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்றால், ஊசியிலைக் காட்டில் இரண்டு, அதுவும் கயிற்றுக்காக. அடுத்த நடைக்கும் இதே கிட்தான் பையில் போகிறது, காரணம் கேட்காதீர்கள். எறிநூல் ஆரஞ்சு நிறத்தில் வாங்கவும். இங்கே கிளையெல்லாம் மஞ்சள்பச்சை லைக்கன் தாடியாகத் தொங்கும். மஞ்சள் நூல் அதற்குள் எந்தக் கிளைமேல் கிடக்கிறது என்று தொலைநோக்கி வைத்தாலும் தெரியாது.