கரென் அகதிகள் ஆவணப்படம்: காட்டுக்குள்ளா, முகாமிலா?

ராணுவத்தோடு நடக்கும் சண்டையால் ஊரைவிட்டு ஓடும் மியான்மரின் கரென் இன மக்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க இரண்டு வழி. ஒன்று, அவர்களுடைய கரென் மாநிலக் காட்டுக்குள்ளேயே போய் எடுப்பது. எரிந்த வீடு, முதுகில் கூடையோடு ஓடும் குடும்பம், தலைக்கு மேல் விமானம். பார்த்தவர் மறக்க மாட்டார், ஆனால் பத்து நிமிடத்தில் எல்லா ஓட்டமும் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பித்துவிடும், அப்புறம் ஊர் அடையாளம் தெரிந்துவிட்டால் மாட்டுவது அங்கே இருப்பவர்கள்தான்.

இன்னொன்று, எல்லை தாண்டி வந்தவர்கள் தங்கியிருக்கும் தாய்லாந்தின் மே லா அகதி முகாம். 1984-இல் தொடங்கியது, எல்லையோர முகாம்களில் அதுதான் பெரியது. மூங்கில் தரை, இலைக்கூரை. அங்கேயே பிறந்து, அங்கேயே பிள்ளை பெற்றவர்களும் உண்டு. பரபரப்பு கிடைக்காது, சரி. ஆனால் 1949-இல் தொடங்கிய சண்டை ஒரு மனிதனின் வயதை எப்படித் தின்றது என்பதை அரிசியை அளந்து போடும் ஒரு கையை வைத்தே காட்டிவிடலாம். நான் முகாமுக்குத்தான் போவேன், முகத்தைக் காட்டலாமா என்று கேட்டுவிட்டு.